வசந்தா மாமிக்கு அரைக் கிளாஸ் ரீஸ்லிங்

"மாமி போயிட்டா" என்று அம்மாவிடமிருந்து செய்தி வந்தபோது நான் கெமிஸ்ட்ரி வகுப்பில் இருந்தேன். மேசைக்குக் கீழே ஃபோனை வைத்துக்கொண்டு, "பஸ்ஸிலையோ, நடந்தோ?" என்று பதில் போட்டேன். என் மாமி ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். விட்பியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி குடித்த கையோடு யாருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டுவிடுவார். அம்மா ஒவ்வொரு முறையும் குசினிக்குள் நின்று இதே இரண்டு சொற்களைத்தான் சொல்வார்.

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை. பிறகு ஃபோன் அதிர்ந்தது. வகுப்பில் ஃபோன் எடுக்கக் கூடாது. எடுத்தேன். அழைத்தது அம்மா. பின்னால் அப்பாவின் குரல் "அக்கா, அக்கா" என்று கேட்டது. அப்பா சத்தமாக யாரையும் கூப்பிட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அன்று காலை மாமியின் மஞ்சள் பஸ் தரிப்பிடத்தை விட்டு அசையவில்லை. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஏழாம் மாடி வீட்டில், தன் கட்டிலில், நித்திரையிலேயே அவர் போயிருந்தார். இதயம் என்றார்கள். வயது அறுபத்தொன்று.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார். "அடக்கமா எழுது, பிள்ளை" என்றும் சொன்னார். "மாமியைத் தகனமெல்லோ செய்தனாங்கள், பிறகேன் அடக்கம்?" என்று கேட்டேன். அகப்பை பறந்து வந்தது. ஆகவே, அகப்பைக்கு எட்டாத தூரத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

திருமதி என்று போட முடியாத, செல்வி என்று போட்டால் அவரே சிரித்துவிடக்கூடிய வசந்தமலர் என்ற என் மாமி, அப்பாவின் ஒரே அக்கா. கனடாவின் குடிமகள். எங்கள் சொந்தக்காரர் சிலர் அந்தச் சொல்லை நடுவில் இடைவெளி விட்டும் சொன்னார்கள் என்பது மாமிக்குத் தெரியும். சனிக்கிழமை பின்னேரம் ஒரு கிளாஸ் வெள்ளை வைன் குடிப்பார். ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. மற்ற ஆறு நாளும் மூக்குமுட்டத் தேத்தண்ணி. இவ்வளவுதான் அவருடைய குற்றப்பத்திரிகை.

அந்த வைனுக்கு ரீஸ்லிங் என்று பெயர். அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மாமி எங்கிருந்து வந்தார் என்று விளங்கும்.

போர் துரத்த, இருபத்தொரு வயதில் அவர் ஜேர்மனிக்குப் போனார். மோசல் என்ற ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊருக்கு அகதியாக அனுப்பப்பட்டார். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், ஹெல்கா என்பவரின் திராட்சைத் தோட்டத்தில் சேர்ந்தார். ஹெல்காவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. தகப்பன் இறந்து, தோட்டம் திடீரென்று அவர் தலையில் விழுந்திருந்தது. இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. "அதாலைதான் சண்டை வரேல்லை" என்பார் மாமி.

"தோட்டம் எண்டு சொன்னா நீ தட்டையா நினைப்பாய். அது தோட்டமில்லையடி, சுவர். சுவரிலை முந்திரிகை நட்டுக் கிடக்கு."

எங்கள் ஆட்கள் திராட்சையை முந்திரிகை என்பார்கள். அவர் அறிந்த முந்திரிகை பந்தலில் சோம்பலாகப் படர்வது. அங்கேயோ ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தடி. கொடிகள் ஒற்றைக்காலில் தவம் செய்வதைப்போல மலை முழுக்க நிற்கும். குளிர் விடுகிற நேரத்தில் கொப்புகளை வளைத்து, இரண்டு பக்கமும் கீழே இறக்கி, ஒவ்வொரு தடியிலும் ஓர் இதயத்தின் உருவத்தில் கட்டுவார்கள்.

"ஒரு நாளைக்கு முந்நூறு இதயம் கட்டியிருக்கிறன். எனக்கெண்டு ஒண்டைக் கட்டத்தான் நேரம் கிடைக்கேல்லை."

இதைச் சொல்லும்போது அவர் தன் பல்கனியில், கால்களைக் கம்பிமேல் போட்டுக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி இருப்பார். நான் கீழே சீமெந்தில். கிளாஸில் உள்ள வைன் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. இளங்காலை வெயிலைத் தண்ணீரில் கரைத்த நிறம். மாமி பேசப் பேச வெக்ஸ்போர்ட் மெல்லக் கரைந்துபோகும்.

இலையுதிர் காலத்தில் விடியும்போது ஆறு இருக்காதாம். பள்ளத்தாக்கு முழுக்கப் பாலாகப் புகார், அதாவது மூடுபனி, நிறைந்து கிடக்குமாம். மேலே சரிவில் நிற்பவர்களுக்குக் கீழே உலகம் இல்லை. புகாருக்குள்ளிருந்து படகின் மணிச்சத்தம் மட்டும் மேலே வரும். யாரோ சிரிப்பார்கள், ஆளைக் காண முடியாது. பத்து மணிபோல வெயில் ஒரு கையை உள்ளே விட்டுப் புகாரை இழுக்கும். அப்போது முதலில் தேவாலயக் கூம்பு, பிறகு கூரைகள், பிறகு பாம்பு திரும்பிப் படுத்ததைப்போல வளைந்த ஆறு என்று ஒவ்வொன்றாக வருமாம். அந்த மலையில் மண் கிடையாது. உடைந்த கரிய கல் தகடுகள், நாங்கள் சிலேட்டு என்போமே, அவைதான். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு மாலையில் அவை திருப்பிக் கொடுக்கும். வேலை முடிந்த பிறகு மாமியும் ஹெல்காவும் அந்தக் கற்களின்மேல் மல்லாந்து படுப்பார்களாம்.

"ஆரோ முதுகைத் தடவிவிடுற மாதிரி இருக்கும். ஆரெண்டு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா எழும்ப வேண்டி வரும்."

கீழே லோரன்ஸ் அவெனியூவில் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். மாமி அதைத்தான் ஆறு என்பார். மழை பெய்து தெரு மினுங்கிய பின்னேரங்களில் நானும் நம்பியிருக்கிறேன்.

எல்லாரும் பறித்து முடித்த பிறகும், ஹெல்கா சில வரிசைகளை விட்டுவைப்பாராம். இன்னும் ஒரு வெயில், இன்னும் ஒரு புகார் என்று காத்திருந்து, மழையும் பறவையும் கொண்டுபோனது போக மிஞ்சியதைப் பறிப்பார்கள். அந்த வைனுக்கு ஷ்பேட்லேஸ என்று பெயர். பிந்திப் பறித்தது என்று பொருள். மாமிக்குக் கலியாணம் பிந்திப்போச்சு என்று யாராவது முகத்தைத் தொங்கப்போட்டால் மாமி சொல்வார்: "நான் ஷ்பேட்லேஸ, அன்ரி. பிந்தப் பிந்தத்தான் இனிப்பு."

கலியாணம் ஒன்று வரத்தான் செய்தது. அப்பா இங்கே காலூன்றிய பிறகு, அக்காவைக் கனடாவுக்கு எடுத்தது அதற்காகத்தான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை ஜேர்மனியிலை சாராயத் தோட்டத்திலையோ நிண்டவ?" என்று கேட்டாராம்.

மாமி, "ஓம் அன்ரி. நல்ல சாராயம். இருங்கோ, ஒரு போத்தில் தாறன்" என்று எழுந்துபோய், ஹெல்கா கொடுத்துவிட்ட போத்தலைக் கொண்டுவந்து, அந்த அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டாராம்.

இந்தக் கதையை மாமி எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவின் முகத்தை நடித்துக் காட்டுவார். மாப்பிள்ளை வீட்டாரின் கார் புறப்பட்ட சத்தத்தோடு கதை முடிந்துவிடும். அப்பாவுக்கு இந்தக் கதையில் சிரிக்க எதுவும் இல்லை. அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது ஒரு போத்தல் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். அதற்குப் பிறகு அப்பா எந்த மதுவையும் தொட்டதில்லை. மாமியின் கையில் கிளாஸைக் கண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். மாமி எங்கள் வீட்டில் ஒருநாளும் குடித்ததில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொல்லாமல் வெளிக்கிட்டதன் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

என் பக்கத்துக்கு வருகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு சனிக்கிழமை, மாமி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவருடைய கிளாஸை மாற்றினேன். ஆப்பிள் ஜூஸ், தண்ணீர், அரை எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், நிறத்துக்கு ஒரு சொட்டுத் தேத்தண்ணி. நிறம் அச்சொட்டு, துளி வித்தியாசமில்லை. மாமி வந்து இருந்தார். கிளாஸைத் தூக்கினார். உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை, மூக்கோடு நிறுத்தினார்.

"ஆப்பிள் ஜூஸ். பெட்டியிலை வாறது, போத்திலிலை வாறதில்லை. தேசிக்காய் வெட்டின கத்தியிலை முதல் வெங்காயம் வெட்டியிருக்கு. வெட்டின கை நேற்று முழுக்கச் சிப்ஸ் திண்டிருக்கு. எங்கையடி என்ர வைன்?"

பஸ்ஸிலும் இப்படித்தானாம். சாரதி இருக்கையில் இருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல், "மூன்றாவது சீற், யன்னல் பக்கம், ஒரேஞ்சுத் தோலைக் கீழே போடாதே" என்று ஆங்கிலத்தில் சொல்வாராம். பின்னால் இரண்டு கண் இருக்கிறது என்று பிள்ளைகள் நம்பினார்கள். கண் இல்லை, மூக்கு.

அந்த ஆப்பிள் ஜூஸுக்கு அவர் இரண்டு மாதம் பழிவாங்கவில்லை. நான் மறந்துபோயிருந்தேன். என் பிறந்தநாளுக்கு ஒரு புது ஃபோன் பெட்டி வந்தது. உறையைக் கிழித்துத் திறந்தேன். உள்ளே, அதே அளவு, அதே பாரத்தில், மோசல் மலையின் சிலேட்டுக் கல் ஒன்று.

"என்னடி முழுசுறாய்? உதுவும் டச் ஸ்கிரீன்தான். தொட்டுப் பார். சார்ஜ் போறதெண்டா வெயிலிலை வை" என்றார்.

ஒருமுறை மாமியை நயாகராப் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனோம். அப்பாதான் கார் ஓட்டினார். போய்ச் சேர்ந்ததும் அவர் இறங்கவில்லை. "நீங்கள் பார்த்திட்டு வாங்கோ" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். தோட்டம் ஏரிக்கரைவரை சமதரையாகக் கிடந்தது. மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "நல்ல இடம். ஆனா படுத்துக் கிடக்கு. எங்கடை எழும்பி நிக்கும்" என்றார். பிறகு அவர் ஒரு வரிசைக்குள் நுழைந்து நடக்கத் தொடங்கினார். ஒக்டோபர் வெயில் இலைகளுக்குள்ளால் மஞ்சளாக வடிந்தது. வரிசையின் மறுமுனையில் அவர் அவ்வளவு சிறியதாகத் தெரிந்தார்; திரும்பி வராமல் அப்படியே நடந்து, ஏரியைக் கடந்து, ஆற்றங்கரைக்குப் போய்விடுவார் என்று எனக்கு ஒரு கணம் பட்டது. திரும்பி வந்து கார்க் கண்ணாடியில் தட்டினார். அப்பா கண்ணாடியை இறக்க, இரண்டு திராட்சைப் பழங்களை உள்ளே நீட்டினார்.

"டேய் தம்பி, இது பழமடா. பழம் தின்னலாம்."

அப்பா வாங்கிக்கொண்டார். தின்றாரா என்று தெரியவில்லை. வீடு வரும்வரை அவருடைய இடது கை மூடியே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் செல்வம் சித்தப்பா காலமானார். இறந்து எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் எட்டுச்செலவு எங்களவர் வழக்கம். சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் நண்டுக் குழம்பு, ஆட்டிறைச்சி, ஒரு பெட்டி சிகரட், நடுநாயகமாக ஒரு முழு விஸ்கிப் போத்தல். யாரும் முகம் சுளிக்கவில்லை. பின்னேரம் அந்தப் போத்தலை அங்கிள்மார் கராஜுக்குள் மிகுந்த பக்தியோடு முடித்துவைத்தார்கள்.

அன்று திரும்பி வரும் வழியில், காரின் பின் இருக்கையில் இருந்து மாமி சொன்னார்: "ஆம்பிளை செத்தா போத்தில். பொம்பிளை செத்தா பாயாசமோ? எனக்குப் பாயாசம் பிடிக்காதெண்டு ஊருக்கே தெரியும். தம்பி, கேக்குதோ? என்ர எட்டுக்கு அரைக் கிளாஸ் ரீஸ்லிங் வையுங்கோ. போத்தில் வேண்டாம், அரைக் கிளாஸ். ஹெல்காவின்ட மலையின்டதா இருக்கோணும். வைக்காட்டி நான் போகமாட்டன். உங்கடை பேஸ்மெண்டிலை வந்து இருப்பன், வாடகையும் தரமாட்டன்."

அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா வானொலியைக் கூட்டினார்.

ஆகவே, மாமி இறந்த அன்றிலிருந்தே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த அரைக் கிளாஸ்தான். இரண்டாம் நாள், மாமிக்கு உடுத்துவதற்குச் சேலை எடுக்க அம்மாவும் நானும் வெக்ஸ்போர்ட்டுக்குப் போனோம். அம்மா அலுமாரியைத் திறந்து அழுதுகொண்டிருந்தார். நான் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். கதவுப் பக்கத்தில், பாலுக்குப் பக்கத்தில், பச்சைப் போத்தல். தக்கை திருப்பிச் செருகப்பட்டிருந்தது. போன கலியாணக் காலத்தில் ஜேர்மனியிலிருந்து வந்த யாரோ ஒருவரின் சூட்கேசில், சேலைகளுக்குள் சுற்றி ஹெல்கா அனுப்பியது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. கடைசிச் சனிக்கிழமையின் கிளாஸ் போக மிஞ்சியது.

பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டேன். லிஃப்டில் அம்மா பையைப் பார்த்தார். "என்ன பாரமாக் கிடக்கு?"

"கெமிஸ்ட்ரிப் புத்தகம்."

"ஓம்" என்றார் அம்மா. "கெமிஸ்ட்ரிதான்." அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "எட்டுக்கு மாமி கேட்டதை வைப்பமோ, அப்பா?"

"இல்லை."

"செல்வம் சித்தப்பாவுக்கு வைச்சவை."

"இல்லையெண்டு சொன்னனான். அக்கா இருக்கேக்கை சனம் கதைச்சது போதும். போன பிறகும் படத்துக்கு முன்னாலை வைச்சுக் கதைக்கக் குடுக்கப்போறியோ? உந்தக் கதையை விடு."

விட்டேன் என்று நினைத்திருப்பார். எட்டுச்செலவில் ஒரு பொருள் எப்போதும் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்: இளநீர். தமிழ்க் கடையில் தோல் சீவி வெள்ளையாக விற்பார்களே, அது. எட்டாம் நாள் காலை, அம்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்த நேரம், பேஸ்மெண்டில் ஒரு இளநீரின் தலையை மூடிபோல வெட்டினேன். உள்ளிருந்ததை நான் குடித்தேன். மாமியின் ரீஸ்லிங்கை, அளந்து, அரைக் கிளாஸ் உள்ளே ஊற்றினேன். மூடியை வைத்து அழுத்தினேன். உலகத்தின் வைன் நிபுணர்கள் என்னை மன்னிப்பார்களாக. ஊற்றும்போது வந்த மணம் எனக்குத் தெரிந்த மணம்: பீச் பழம், தேசிப்பூ, மழை விழுந்த கல், எல்லாவற்றுக்கும் அடியில் மெலிதாகக் கொஞ்சம் பெற்றோல். பழைய ரீஸ்லிங் அப்படித்தான் மணக்கும். மாமி அதை "பஸ் ஓடுறவளுக்கெண்டே செய்தது" என்பார்.

படையல் சாப்பாட்டு அறையில். வாழையிலையில் சோறு, நண்டு, மீன், உழுந்து வடை, முறை தவறக் கூடாது என்பதற்காகப் பாயாசம். எல்லாவற்றுக்கும் நடுவில் என் இளநீர். ஒஷாவாவிலிருந்து வந்த நடராசா பெரியப்பாதான் முறை சொல்பவர். கற்பூரம் காட்டியானதும், "எல்லாரும் வெளியிலை வாங்கோ. கதவைச் சாத்துங்கோ. வந்து சாப்பிடட்டும்" என்றார்.

கதவு சாத்தப்பட்டது. முப்பது பேர் ஓசையில்லாமல் நின்றோம். கீழிடுக்கால் சாம்பிராணிப் புகை மெல்லக் கசிந்து, காலடியில் பரவியது. நான் கண்களை மூடினேன். புகார் நிறைந்த பள்ளத்தாக்கு. கீழே எங்கோ படகின் மணி. மாமி சரிவால் இறங்கி வருகிறார். முழங்கால் நோவு இல்லை. இலையைச் சுற்றிப் பார்க்கிறார். பாயாசத்தைக் கண்டு மூக்கைச் சுழிக்கிறார். இளநீரைத் தூக்குகிறார், உதட்டுக்கு அல்ல, மூக்குக்கு. பிறகு அவர் சிரித்த சிரிப்பை நான் கேட்டேன். இதை எழுதினால் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். எழுதிவிட்டேன்.

பெரியப்பா மூன்று தரம் கதவைத் தட்டித் திறந்தார். என் திட்டப்படி இளநீர் பின்வளவு மேப்பிள் மரத்தடிக்குப் போக வேண்டும். சித்தப்பாவின் வீட்டில் அப்படித்தான் ஊற்றினார்கள்.

"தம்பி, நீ விரதம். முதல் அந்த இளநீரைக் குடிச்சு விரதத்தை முடி" என்றார் பெரியப்பா அப்பாவிடம்.

நான் குறுக்கே போனேன். "அது மரத்துக்கெல்லோ ஊத்துறது, பெரியப்பா?"

"ஆர் சொன்னது? அது அவை இளநீர் கூடிப்போய் ஊத்தினது. விரதக்காரன்தான் குடிக்கோணும்."

"இல்லை, அது... பழுதாப்போயிருக்கும்..."

"சாத்தி வைச்ச அரை மணித்தியாலத்திலையோ?"

அப்பா இளநீரை இரண்டு கையாலும் எடுத்தார். மூடியைக் கழற்றினார். மணம் அவருடைய முகத்தில் பட்டது. நிறுத்தினார். முப்பது பேரில் என்னை மட்டும் நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன தம்பி? பிள்ளை சொன்ன மாதிரிப் பழுதோ?"

"இல்லை அண்ணை." அப்பா குடித்தார். நிறுத்தாமல், கடைசித் துளிவரை குடித்தார். "நல்ல இளநீர். கொஞ்சம் முத்தல்."

"முத்தினா இனிக்கும்."

"ஓம்" என்றார் அப்பா. "இனிக்குது."

சனம் சாப்பிட இருந்த பிறகு பின்வளவுப் படியில் அவரைக் கண்டேன். பக்கத்தில் இருந்தேன். எந்தத் தண்டனைக்கும் தயாராக, ஒரு பகிடியும் கைவசம் இல்லாமல் நான் இருந்தது அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் அந்தப் போத்திலை விட்டிட்டுப் போட்டினம்" என்றார் அப்பா. "மேசையிலை கிடந்தது. நான் எடுத்துச் சிங்கிலை ஊத்தினன். அக்கா பக்கத்திலை நிண்டவ. அவ ஒரு வருசம் காத்திருந்து பறிச்சது. முழுக்க ஊத்தி முடியுமட்டும் ஒரு சொல்லும் சொல்லேல்லை. பிறகு, கை கழுவடா, சாப்பிடுவம் எண்டவ. வீடு முழுக்க இந்த மணம். கிழமைக்கணக்கா நிண்டது."

பத்துத் தடவை கேட்ட கதையில் இந்தப் பகுதி ஒரு தடவையும் வந்ததில்லை. மாமி அதைக் காரின் சத்தத்தோடு முடித்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

"மாமி எனக்கு இதைச் சொல்லேல்லை, அப்பா."

"சொல்லமாட்டா." மேப்பிள் மரத்தின் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியாமல் குடிக்கத் தந்தது பிழை. நான் ஆரெண்டு நினைச்சாய்? பெரிய பிழை."

"ஓம் அப்பா."

"அவவுக்கு வைச்சது சரி." எழுந்தார். "சட்டி முழுக்க நீதான் கழுவுறாய்."

நண்டுச் சட்டி உட்பட எல்லாம் கழுவினேன்.

அடுத்த கிழமை அப்பா ஹெல்காவை வீடியோவில் அழைத்தார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஹெல்கா அழுதார், பிறகு ஃபோனைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நான் முதன்முதலாக அந்த மலையைப் பார்த்தேன். மாமி சொன்னது பொய் இல்லை, சுவர்தான். வரிசைகள் எல்லாம் பறித்து முடிந்து வெறுமையாக நின்றன. மேலே ஒரேயொரு வரிசையில் மட்டும் பழங்கள், பொன்னும் கபிலமுமாக. அது வசந்தா கட்டி வளர்த்த வரிசை என்றும், இன்னும் ஒரு வெயிலுக்காக விட்டுவைத்திருப்பதாகவும் ஹெல்கா சொன்னார். அப்பா "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புகார் ஏறி வந்து படத்தை மூடியது.

சனிக்கிழமை என் தகப்பனார், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, விட்பியில் உள்ள மதுக்கடைக்குள் காலடி வைத்தார். மது வாங்குவதற்கான பத்தொன்பது வயது எனக்கு ஆகாதபடியால் காரில் காத்திருந்தேன்; இந்த முறை காரில் இருந்தது நான். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கடைக்காரப் பெண்ணிடம் அவர் கையைச் சரித்து, மலை எவ்வளவு செங்குத்து என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் கையைச் சரித்தார். இன்னும், இன்னும் என்று அப்பா கையை நிமிர்த்தினார்.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். சிங்கில் ஊற்றியதையுமா என்றும் கேட்டேன். "எழுது. எல்லாரும் வாசிக்கட்டும். என்ர பேரையும் போடு" என்றார். பெயர் இந்த மலரின் முதற்பக்கத்தில், தம்பி என்ற இடத்தில் இருக்கிறது.

நீங்கள் இதைக் கையில் வைத்திருக்கும் நேரம், மாமியின் படத்துக்கு முன்னால், எல்லாருக்கும் தெரிய, கால் வைத்த ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். பெரியப்பாவுக்கு என் பணிவான அறிவித்தல்: அது இளநீர் அல்ல.

மாமி, இது உங்கள் மலையினது இல்லை. அதே ஆறு, வேறு வளைவு. முகர்ந்துவிட்டுக் குறை சொல்லத்தான் போகிறீர்கள், சொல்லுங்கோ. அளவு அரைக் கிளாஸ் என்று நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். ஆனால் ஊற்றப்போகிறவர் உங்கள் தம்பி. அவருக்குப் பழக்கமில்லை, கொஞ்சம் கூடிப்போகும். கோபிக்காமல் குடித்துவிட்டு, ஆறுதலாகப் போய் வாருங்கள்.

மருமகள்
யாழினி